தாய் மீது விழுந்த பழியும் ஹால்டேனின் கணக்கும்

ஒத்தக்கடையில், யானைமலையைப் பார்த்த தெருவொன்றில் வசித்த என் உறவினர் வீட்டுச் சிறுவனுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் இரண்டு நாள் குருதி நிற்கவில்லை. ஓடி விளையாடினால் முழங்கால் வீங்கும். ஹீமோபிலியா என்றார் மருத்துவர். அவர் விளக்கியவற்றில் 'தாய்வழி நோய்' என்ற சொல் மட்டுமே அவ்வீட்டில் தங்கியது. தன் பிறந்த வீட்டில் எவருக்கும் இந்நோய் இல்லையென்று அந்தத் தாய் சொன்னதை ஒருவரும் செவிமடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பல்லாண்டுகள் கழித்து ஜே.பி.எஸ். ஹால்டேனின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்த மௌனம் என்னை உறுத்தியது.

1892-இல் ஆக்ஸ்போர்டில் பிறந்த ஹால்டேன், உடலியங்கியல் அறிஞரான தந்தையின் ஆய்வுகளுக்குச் சிறுவயதிலேயே துணைநின்றவர். பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெறாமல் மரபியலின் முன்னோடிகளுள் ஒருவரானவர். முதல் உலகப் போரில் களத்தில் நின்றவர்.

அவரை ஈர்த்த புதிர்களுள் ஒன்று ஹீமோபிலியா. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் காத்துவிடும். ஆணுக்கு ஒன்றே. ஆகவே பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு. ஆனால், அக்காலத்தில் நோயுற்ற ஆண்களில் பலர் சந்ததியின்றியே மடிந்தனர். அப்படியானால் இந்நோய் என்றோ அருகியிருக்க வேண்டுமே?

அருகவில்லை என்றால், பழுது புதிது புதிதாகத் தோன்றுகிறது என்பதே விடை. 1935-இல் ஹால்டேன் அதைக் கணக்கிட்டார்: தலைமுறைதோறும் ஏறத்தாழ 50,000 எக்ஸ் குரோமோசோம்களுக்கு ஒன்றில் இம்மாற்றம் நிகழ்கிறது. குடும்பத்தில் முன்பு எவருக்குமே இல்லாத நோய் ஒரு குழந்தைக்கு வருவது இதனால்தான். 1947-இல் அவர் மேலும் ஒரு படி சென்று, இத்தகைய மாற்றம் பெண்களைவிட ஆண்களின் உயிரணுக்களிலேயே மிகுதியாக நிகழக்கூடும் என்றார். தாய் சுமக்கும் பழுது, அவளுடைய தந்தையின் உயிரணுவில் முதன்முதலாகத் தோன்றியதாகவும் இருக்கலாம்.

1957-இல் அவர் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து கொல்கத்தாவில் பணியாற்றினார். பின்னர் இந்தியக் குடிமகனுமானார். அவருடைய மாணவர்கள் ஆந்திரத்தில் நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களை ஆராய்ந்தனர். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் நம் வழக்கத்துக்கும் தொடர்புடைய ஆய்வு அது. ஒரே முன்னோரின் ஒடுங்கிய மரபணு இருவழியிலும் வந்து சேரும்போது சில நோய்கள் வெளிப்படுகின்றன; அங்கே பங்கு இருவருக்கும் சமம்.

1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் புற்றுநோயால் ஹால்டேன் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

எங்கள் ஊர் வேளாண் கல்லூரியில் பயிர்களை ஒட்டுச் சேர்ப்போர் தாய்ச் செடியையும் தந்தைச் செடியையும் ஒருங்கே குறித்துவைப்பார்கள். மனிதர் வீட்டில் மட்டும் குற்றவாளியைத் தேடுகிறோம். இன்று ஹீமோபிலியாவுக்குச் சிகிச்சை உண்டு. பழுதைச் சுமப்பவரைக் கண்டறியும் சோதனையும் உண்டு. நோயின் பெயரைச் சொல்லும் அன்றே, இதில் எவர் குற்றமும் இல்லை என்பதையும் முழுக் குடும்பத்தையும் அமரவைத்துச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல அன்று நான் தவறினேன்.