நரம்புக் காட்டிலே வழி கண்ட பேரறிஞர்

மூளையின் நுண்ணமைப்பை உலகுக்கு விளக்கிய சந்தியாகோ ரமோன் இ கஹால், 1852 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆந் திகதி, ஸ்பெயின் தேசத்து மலைக்கிராமம் ஒன்றிலே பிறந்தார். தந்தையார் அறுவை வைத்தியர், கண்டிப்பு மிக்கவர். மைந்தனோ சித்திரந் தீட்டுவதிலேயே பொழுதைக் கழித்தான். படிப்பில் அவன் மனம் செல்லாமை கண்ட தந்தையார், நாவிதரிடமும் சப்பாத்துத் தைப்போரிடமும் அவனைத் தொழில் பழக விட்டார். தானே செய்த பீரங்கியால் அயலவர் படலையைத் தகர்த்து, பதினொரு வயதிலே சிறையிருந்த குறும்பனும் அவனே.

1868 இல் தந்தையார் அவனைக் கைவிடப்பட்ட இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, எலும்புகளைப் பொறுக்கி உடலமைப்பைக் கற்பித்தார். எலும்புகளை வரைய வரைய, வெறுத்த வைத்தியக் கல்வி விருப்புடையதாயிற்று. தந்தையார் தடுத்த சித்திரக் கலையே மைந்தனின் கல்விக்கு வாயிலாயமைந்தது வியப்பன்றோ!

1873 இல் சரகோசாவில் வைத்தியப் பட்டம் பெற்ற கஹால், படை வைத்தியராய்க் கியூபா சென்று, மலேரியாவினால் நலிந்து மீண்டார். 1885 இல் வாந்திபேதி நோய் பரவியபோது அவர் ஆற்றிய ஆராய்ச்சியைப் பாராட்டிச் சரகோசா மாகாணத்தார் சிறந்த நுணுக்குக்காட்டியொன்றைப் பரிசளித்தனர்.

அக்காலத்தே அறிஞர் பலர், மூளையின் நரம்பிழைகள் யாவும் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே வலையென நம்பினர். இத்தாலியரான கமில்லோ கொல்கி, வெள்ளி உப்பினால் ஒரு சில நரம்புக்கலங்களை மாத்திரம் முழுமையாகக் கருமையாக்கும் முறையை 1873 இல் வெளியிட்டிருந்தார். 1887 இல் அம்முறையை மத்ரித் நகரிலே கண்ட கஹால், அதனைத் திருத்தி, இளம் உயிர்களின் மூளையிலே கையாண்டார். 1888 இல் பார்சலோனாவில், பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்து, ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்ததே, அவை தொட்டு நிற்பனவேயன்றி ஒட்டியன அல்ல, என முடிவு கண்டார்.

ஸ்பானிய மொழியில் எழுதியதை வெளிநாட்டார் படிக்கவில்லை. சொந்தச் செலவிலே சஞ்சிகை தொடங்கி அறுபது பிரதிகள் அச்சிட்டு அனுப்பியும் பயன் சிறிதே. 1889 இல் தமது மாதிரிகளுடன் பெர்லின் சென்று, முதுபெரும் அறிஞர் கொலிக்கரை நேரிலே காணச் செய்தார். கண்டவர் தமது பழைய கொள்கையைக் கைவிட்டுக் கஹாலின் பக்கம் நின்றார். 1906 இல் கொல்கியும் கஹாலும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர். கொல்கியோ அம்மேடையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார். 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி, கலங்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியைக் காட்டிக் கஹாலின் கூற்றை நிலைநாட்டியது.

1899 முதல் அவர் மனிதப் பெருமூளை மேற்பட்டையை ஆராய்ந்தார். அங்கே தொலைவுக்குச் செய்தி அனுப்பும் கலங்களிடையே, அண்மையிலேயே இழை பரப்பும் சிறு இடைக்கலங்கள் பல வடிவிலே மலிந்திருக்கக் கண்டார். மனித மூளையின் மேன்மைக்கு இவற்றின் பெருக்கமும் காரணமெனக் கருதினார். ஆயினும் வெள்ளிச் சாயம் உருவத்தைக் காட்டுமேயன்றி உள்ளிருக்கும் இரசாயனத்தைக் காட்டாது; ஆதலின் அவற்றின் தொழில் அவருக்குப் புலப்படவில்லை. 1934 ஒக்டோபர் 17 ஆந் திகதி அவர் காலமானார்.

எஞ்சிய விடை பின்னரே கிடைத்தது. இக்கலங்களுட் பெரும்பாலானவை காபா என்னும் பொருளால் அயற்கலங்களை அடக்குவன. சிலவற்றிலே அதனுடன் நரம்புப் பெப்தைட்டுகளும் உள. பன்றியின் குடலிலிருந்து 1970 இல் பிரித்தெடுக்கப்பட்ட வி.ஐ.பி., ஆட்டின் மூளைப்பகுதியிலிருந்து 1973 இல் பெறப்பட்ட சோமற்றோசுற்றற்றின் என்பன அவற்றுட் சில. மார்த்தினோத்தியின் பெயரால் கஹால் குறித்த கலங்களுட் பல சோமற்றோசுற்றற்றினைக் கொண்டவை; அவை பெருங்கலங்களின் நுனிக்கிளைகளைக் கட்டுப்படுத்துகின்றன. வி.ஐ.பி. கொண்ட கலங்களோ அக்கட்டுப்படுத்துவோரையே அடக்கி, பெருங்கலங்களை விடுவிக்கின்றன. கடிவாளத்துக்கும் ஒரு கடிவாளம் இருத்தல் போன்றது இது. சமநிலை பிழைப்பின் வலிப்பு முதலிய நோய்கள் விளையக்கூடும்.

கஹால் வரைந்த உருவங்கள் இன்றும் ஆராய்ச்சியாளருக்கு வழிகாட்டுகின்றன. கண்டதைக் கண்டவாறே வரைந்து வைத்தமையால், அவர் அறியாதவற்றையும் பின்வந்தோர் அவற்றின் துணைகொண்டு அறியலாயினர். ஆய்வுகூடத்திலே பென்சிலேந்தும் மாணவர் ஒவ்வொருவரும் இதனை உளங்கொள்வாராக.