பனியில் நின்ற மன்னர்



சமூக அறிவியல் வகுப்பில் இடைக்கால ஐரோப்பா பாடம் நடந்தபோது, ஜெர்மனி மன்னர் நான்காம் ஹென்றி போப்பாண்டவரின் மன்னிப்புக்காக மூன்று நாள் பனியில் நின்றார் என்று டீச்சர் சொன்னார்கள். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்புறம் நூலகப் புத்தகத்தில் அவர் கதையைப் படித்தேன். சிரித்தது தப்பு என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஹென்றி 1050-இல் பிறந்தார். அப்பா மூன்றாம் ஹென்றி பெரிய பேரரசர். 1046-இல் போப் பதவிக்குப் போட்டி வந்தபோது மூன்று பேரையும் விலக்கிவிட்டு, தாம் விரும்பியவரைப் போப் ஆக்கியவர். அவ்வளவு அதிகாரம்! ஆனால் 1056-இல் அவர் இறந்துவிட்டார். மகனுக்கு வயது ஐந்துதான், ஆறு கூட முடியவில்லை. அம்மா ஆக்னஸ் மகனுக்காக ஆட்சி நடத்தினார்.

1062-இல் கொலோன் நகரத்துப் பேராயர் அன்னோ, ரைன் நதியில் அழகான படகு ஒன்று நிற்கிறது, வந்து பார் என்று பையனை அழைத்துப் போனார். ஏறியதும் படகை ஓட்டிவிட்டார்கள். கடத்தல்தான், வேறென்ன? பயந்துபோன ஹென்றி ஆற்றில் குதித்துவிட்டான். ஒரு பிரபு பின்னாலேயே குதித்துக் காப்பாற்றினார். ஆனால் அம்மாவிடம் திருப்பி அனுப்பவில்லை. ராஜா யார் கையில் இருக்கிறாரோ அவர் கையில் ஆட்சி. அப்போது ஹென்றிக்கு நம்ம ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வயது. அதற்கப்புறம் அவர் யாரையும் சுலபமாக நம்பாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வளர்ந்த பிறகு வந்ததுதான் பெரிய சண்டை. அந்தக் காலத்தில் பிஷப் என்றால் பூசை செய்கிறவர் மட்டும் இல்லை. நிலம், வரி, போர்வீரர்கள் எல்லாம் அவரிடம் இருக்கும். அதனால் மன்னரே ஆளைத் தேர்ந்தெடுத்து மோதிரமும் கோலும் கொடுத்துப் பதவியில் வைப்பார். 1073-இல் போப் ஆன ஏழாம் கிரிகோரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. திருச்சபைப் பதவியைத் திருச்சபைதான் தர வேண்டும் என்றார். மிலான் நகரப் பேராயர் யார் என்பதில் தகராறு முற்றியது. 1076 ஜனவரியில் ஹென்றி கிரிகோரியைப் பதவி இறங்கச் சொன்னார். பிப்ரவரியில் கிரிகோரி ஹென்றியைத் திருச்சபையை விட்டே விலக்கிவிட்டார். குடிமக்கள் அவருக்குச் செய்த சத்தியமும் செல்லாது என்று அறிவித்தார்.

போப்பிடம் பெரிய படை கிடையாது. ஆனால் அந்த ஒரு அறிவிப்பே போதுமாக இருந்தது. ஏற்கெனவே ஹென்றி மேல் கோபமாக இருந்த பிரபுக்கள், ஒரு வருஷத்துக்குள் மன்னிப்பு வாங்காவிட்டால் நீ ராஜா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விசாரிக்க போப்பையும் ஜெர்மனிக்கு வரச் சொன்னார்கள். அவர் வந்து சேர்வதற்குள் ஹென்றி முந்திக்கொண்டார். கடும் குளிர்காலத்தில், மனைவி பெர்த்தாவையும் சின்ன மகனையும் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினார். இறக்கத்தில் பெண்களை மாட்டுத்தோலில் உட்கார வைத்து இழுத்து இறக்கினார்களாம்!

படையோடு வருகிறாரோ என்று பயந்து போப் கனோசா கோட்டைக்குள் போய்விட்டார். அந்தக் கோட்டை மத்தில்டா என்ற பெண்ணுடையது. நாடும் படையும் வைத்து ஆண்டவர் அவர். 1077 ஜனவரியில் ஹென்றி செருப்பில்லாமல், கம்பளித் துணி உடுத்தி, மூன்று நாள் அந்த வாசலுக்கு வந்து நின்றார். மத்தில்டாவும் அவருக்காகப் பேசினார். நான்காம் நாள் மன்னிப்பு கிடைத்தது.

அவர் தோற்றார் என்கிறாள் என் பக்கத்து இருக்கைத் தோழி. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அழுது மன்னிப்புக் கேட்பவரை ஒரு பாதிரியார் எப்படி விரட்ட முடியும்? ஹென்றிக்கு அது தெரியும். ஆனாலும் பிரபுக்கள் விடவில்லை. அவருடைய அக்கா கணவர் ருடால்பையே வேறு ராஜாவாக்கினார்கள். 1080-இல் ருடால்ப் போரில் இறந்தார். கிரிகோரி மறுபடியும் விலக்கினார். இந்த முறை முன்போலப் பலிக்கவில்லை. 1084-இல் ஹென்றி ரோமைப் பிடித்து, தாமே நியமித்த போப்பின் கையால் பேரரசராக முடிசூடினார். அடுத்த வருஷம் கிரிகோரி ஊரை விட்டுப் போய் சலேர்னோவில் இறந்தார்.

ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. மூத்த மகன் கொன்ராட் 1093-இல் எதிரியானான். இளைய மகன் ஐந்தாம் ஹென்றியோ, 1105 கடைசியில் அப்பாவைச் சிறையில் வைத்து முடியைப் பறித்தான். சின்ன வயதில் படகில் நடந்தது போலவே. ஹென்றி தப்பித்து லீஜ் நகருக்குப் போனார். 1106 ஆகஸ்ட் 7-இல் அங்கே இறந்தார்.

திருச்சபை விலக்கு நீங்காததால் அவரைப் புனித மண்ணில் புதைக்கக் கூடாது என்றார்கள். புதைத்த உடலையே தோண்டி எடுத்தார்கள். ஆனால் லீஜ் ஊர் ஜனங்கள், விளைச்சல் நன்றாக வரும் என்று அவர் பாடையின் மேல் விதைநெல் மாதிரி விதைத் தானியத்தை வைத்து எடுத்துப்போனார்களாம். பிறகு உடலை ஸ்பேயர் நகருக்குக் கொண்டுபோய், மந்திரிக்காத ஒரு சிற்றாலயத்தில் ஐந்து வருஷம் வைத்திருந்தார்கள். 1111 ஆகஸ்ட் 7-இல்தான், முடியைப் பறித்த அதே மகன் அனுமதி வாங்கி, பேராலயத்தில் தாத்தாவின் பக்கத்தில் அப்பாவை அடக்கம் செய்தான்.