கலக்கத்தில் தெளிந்தவர்: இப்னு கல்தூன் (ரஹ்)

வியாபாரம் செய்பவனுக்கு மனச்சஞ்சலம் புதிதல்ல. சரக்கு விலை சரிகிறது; கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார்; கடன் வாங்கியவரோ கண்ணில் படுவதே இல்லை. இவற்றோடு நாட்டிலே போரோ கொள்ளைநோயோ வந்துவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் நம் பெரியோர் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறோம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் மலேசியாவிலும் ஏப்ரலில் சிங்கப்பூரிலும் பல கடைகளின் கதவுகள் சாத்தப்பட்டதை நாமே கண்டோம். இத்தகைய நாள்களில் பொருள் நஷ்டம் ஒருபுறமிருக்க, தூக்கம் போய், உணவு இறங்காமல், செய்வதறியாது தத்தளிக்கும் மனநிலையே மனிதனை அதிகமாக வீழ்த்துகிறது. அந்நிலையில் சித்தம் சிதறாமல் வாழ்ந்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை அறிவது நமக்கு நலம் பயக்கும்.

அவர்தாம் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள். 1332 ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 732 இல், வட ஆப்பிரிக்காவிலுள்ள தூனிஸ் நகரில் பிறந்தார்கள். அன்னாரின் முன்னோர் ஹளரமவ்த்திலிருந்து ஸ்பெயின் சென்று, செவில் நகரில் செல்வாக்குடன் வாழ்ந்தவர்கள். சிங்கப்பூரின் பழைய அரபு வணிகக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதே ஹளரமவ்த்தான் பூர்வீகம். செவில் நகரம் கிறிஸ்தவ அரசரின் கைக்குப் போனபோது, நிலபுலன்களை விட்டுவிட்டு அக்குடும்பம் கடல் கடந்து தூனிஸ் வந்து சேர்ந்தது. ஆகவே, இருந்த ஊரை இழப்பது என்றால் என்ன என்பதைத் தம் வீட்டுப் பேச்சிலேயே கேட்டு வளர்ந்தவர் அவர்.

பதினாறு, பதினேழு வயதில் முதல் அடி விழுந்தது. 1348, 1349 ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் தூனிஸ் நகரைத் தாக்கியது. தந்தையும் தாயும் மௌத்தானார்கள். பாடம் சொல்லிக்கொடுத்த உஸ்தாதுமார் பலரும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் சிலர் ஊரைவிட்டே சென்றுவிட்டார்கள். திரும்பிய பக்கமெல்லாம் ஜனாஸா தென்பட்ட அந்த நாள்கள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. எனினும் படிப்பை அவர் விட்டுவிடவில்லை. தூனிஸில் சிறிது காலம் அரசாங்க எழுத்து உத்தியோகம் பார்த்துவிட்டு, கற்றோர் நிறைந்த பாஸ் நகரைத் தேடிப் போனார்.

பாஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் சபையில் இடம் கிடைத்தது. ஆனால் அரண்மனை வாழ்வு நிழல் போன்றது. பூஜி நகரத்து இளவரசரோடு சேர்ந்து சதி செய்தார் என்ற சந்தேகத்தின் பேரில் 1357 இல் சிறையில் தள்ளப்பட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே கழிந்தன. 1358 இல் சுல்தான் இறந்த பிறகே விடுதலை கிடைத்தது.

பிறகு கிரனடா சென்றார். 1364 இல் அந்நாட்டுத் தூதராகச் செவில் நகருக்குப் போனபோது, காஸ்டில் நாட்டு மன்னர் பேத்ரோ, தம்மோடு தங்கிவிட்டால் முன்னோர் சொத்தை மீட்டுத் தருவதாகச் சொன்னார். இழந்த பூர்வீகம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. இப்னு கல்தூன் பணிவாக மறுத்துவிட்டுத் திரும்பினார்.

மறு ஆண்டு அந்தப் பூஜி இளவரசரே அரியணை ஏறி, இவரைத் தம் முதன் மந்திரியாக்கினார். அப்பதவியும் நிலைக்கவில்லை. 1366 இல் அந்த மன்னர் போரில் மாண்டார். அடுத்த ஒன்பது ஆண்டுகள் இவருக்கு அலைச்சலே மிஞ்சியது. ஒரு சுல்தானை விட்டு மற்றொரு சுல்தானிடம் போனார். பாலைவனக் கூட்டத்தாரிடையே தூது நடந்தார். எஜமானர்களை அடிக்கடி மாற்றியவர் என்ற குறை இவர்மீது உண்டு. அது முற்றிலும் பொய் என்று சொல்வதற்கில்லை. நண்பரும் பெரும் புலவருமான இப்னுல் கத்தீப், பாஸ் நகரச் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டதும் இக்காலத்தில்தான்.

இங்கேதான் இப்பெரியாரின் வாழ்க்கையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கட்டம் வருகிறது. 1375 இல், தமது 43 ஆம் வயதில், அவர் அரசியல் ஓட்டத்தை நிறுத்தினார். இன்றைய அல்ஜீரியாவிலுள்ள கல்அத் இப்னு ஸலாமா என்னும் ஒதுக்குப்புறமான கோட்டையில், ஒரு பழங்குடியினரின் அடைக்கலத்தில், குடும்பத்துடன் தங்கினார். நான்கு ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக அங்கு இருந்தார். ஆனால் நடந்ததை நினைத்து விசனப்பட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கவில்லை. எனக்கு ஏன் இப்படி நேர்ந்தது என்று புலம்புவதை விடுத்து, அரசுகள் ஏன் எழுகின்றன, ஏன் விழுகின்றன, ஊர்கள் ஏன் செழிக்கின்றன, ஏன் பாழாகின்றன என்று ஆராய முற்பட்டார். கையில் போதிய நூல்கள் இல்லை, நினைவிலிருந்தே எழுதினார். 1377 இல் ஐந்தே மாதங்களில் அந்த நூல் உருப்பெற்றது. அதுவே உலகம் இன்றும் போற்றும் முகத்திமா.

நம்போன்ற வியாபாரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஏழையும் பணக்காரரும் ஒருங்கே வாங்கும் நடுத்தரச் சரக்கே விற்பனைக்கு உகந்தது என்கிறார். அரசன் தானே வியாபாரத்தில் இறங்கினால் குடிகள் நொடிப்பார்கள் என்றும், வரி வரம்பு மீறினால் தொழில் சுருங்கிக் கஜானாவின் வருமானமும் குறையும் என்றும் காட்டுகிறார். பஞ்சத்தை எதிர்பார்த்துத் தானியத்தைப் பதுக்குபவனுக்கு அந்த லாபம் நிலைக்காது, மனமில்லாமல் கொடுத்தவர்களின் உள்ளம் அப்பணத்தையே பற்றி நிற்கும் என்பதும் அன்னாரின் கருத்து. சந்தையை நேரில் கண்டவரின் எழுத்து அது.

அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது என்பார்கள். அந்நூலை எழுதிய பின்னும் அவருக்கு அலை ஓயவில்லை. கோட்டையிலேயே கடும் நோய் கண்டது. நூல்களைத் தேடி 1378 இல் தூனிஸ் திரும்பினார். அங்கே பொறாமை சூழ்ந்தது. 1382 இல் ஹஜ்ஜை முன்னிட்டு விடைபெற்று எகிப்து போனார். கெய்ரோவில் மாணவர்கள் திரண்டார்கள். 1384 இல் சுல்தான் பர்கூக் அவரை மாலிக்கி மத்ஹபின் தலைமைக் காஜியாக்கினார். பொய்ச்சாட்சிகளையும் சிபாரிசுகளையும் அவர் ஏற்க மறுத்ததால், செல்வாக்குள்ளவர்களின் பகை வளர்ந்தது.

அந்த நேரத்தில்தான் பேரிடி விழுந்தது. அவர் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அவருடைய குடும்பத்தைத் தூனிஸ் சுல்தான் தடுத்து வைத்திருந்தார். பர்கூக் கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்ட பின் அனுமதி கிடைத்து, அவர்கள் கப்பலேறினார்கள். அலெக்ஸாந்திரியாவுக்கு அருகே புயலில் கப்பல் உடைந்தது. மனைவி மக்களும் பொருளும் நூல்களும் கடலில் மூழ்கின. காத்திருந்தவருக்கு எஞ்சியது செய்தி மட்டுமே.

அவர் கல்நெஞ்சர் அல்லர். துக்கம் அவரை உலுக்கியது. உலகப் பதவிகளை வெறுத்து ஒதுங்க எண்ணினார். 1385 இல் காஜிப் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோது, அதைப் பாரம் இறங்கியதாகவே கருதினார். ஓதிக்கொடுப்பதிலும் தம் நூலைத் திருத்துவதிலும் நாள்களைக் கழித்தார். 1387 இல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். கெய்ரோ திரும்பி ஹதீஸ் பாடம் நடத்தினார். அழுகைக்கு இடம் கொடுத்தார். அன்றாடக் கடமையையும் கைவிடவில்லை.

முதுமையிலும் சோதனை விடவில்லை. 1401 இல் தைமூரின் படை திமிஷ்கு நகரை முற்றுகையிட்டபோது, 68 வயது முதியவரான அவர் நகருக்குள் இருந்தார். உடன் வந்த எகிப்து சுல்தான் ஊர் திரும்பிவிட்டார். கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறங்கித் தைமூரைச் சந்தித்தார். உள்ளே அச்சம் இருந்தது. இருந்தும், கேட்ட கேள்விகளுக்கு நிதானமாக விடை சொன்னார். ஒரு குர்ஆன், தொழுகை விரிப்பு, புர்தாவின் பிரதி ஒன்று, நான்கு பெட்டி எகிப்திய இனிப்பு ஆகியவற்றைப் பரிசாகக் கொடுத்தார். தைமூர் அவருடைய கோவேறு கழுதையை விரும்பிக் கேட்க, அதையும் கொடுத்துவிட்டார். ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவருடைய பொருள்களைப் பறித்துக்கொண்டார்கள். பின்னர் கழுதைக்கான கிரயம் கெய்ரோ வந்தபோது, சுல்தானிடம் தெரிவித்து அனுமதி பெற்ற பிறகே கையில் வாங்கினார். பிறர் சந்தேகத்துக்கு இடம் வைக்காத அந்த எச்சரிக்கையைச் சிறைவாசம் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

காஜிப் பதவி வருவதும் போவதுமாக இருந்தது. ஆறாவது முறை அப்பதவியில் இருக்கையில், 1406 மார்ச்சில், ஹிஜ்ரி 808 ரமலானில், அன்னார் வபாத்தானார்கள்.

சகோதரர்களே! நம் கைக்கு அடங்கியது எது, அடங்காதது எது என்று அவர் பிரித்துப் பார்த்தார். கொள்ளைநோயும் புயலும் மன்னர்களின் மனமும் அவர் கைக்கு அடங்கவில்லை. பேனாவும் பாடமும் அடங்கின. வியாபாரம் தளர்ந்து மனம் குழம்பும் இரவில் நாமும் கணக்குப் புத்தகத்தை எடுத்து, வரவேண்டியது இவ்வளவு, கொடுக்க வேண்டியது இவ்வளவு, நஷ்டத்தின் காரணம் இன்னது என்று எழுதிப் பார்ப்போமாக. இருட்டில் பூதமாகத் தெரிந்தது காகிதத்தில் ஓர் எண்ணாகச் சுருங்கும். அப்படியும் பாரம் தாங்கவில்லையென்றால் நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்வதில் இழுக்கு எதுவுமில்லை. இப்னு கல்தூன் அவர்களும் அடைக்கலம் கேட்டுத்தான் அந்தக் கோட்டைக்குள் நுழைந்தார்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் சோதனையில் பொறுமையையும் குழப்பத்தில் தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.