தட்டில் வந்த தோடி

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையை நான் நேரிற் கண்டதில்லை. எங்கள் ஈச்சிலம்பற்றில் வேறெவரும் கண்டதில்லை. ஆயினும் 1959ஆம் ஆண்டில் அவர் பொருட்டு எங்கள் ஊர் இரு கட்சியாகப் பிரிந்து நின்றது. அப்பொழுது அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. காலமான ஒருவர், கண்ணாலும் காணாத ஊரில், ஓர் இசைத்தட்டின் வாயிலாக மூட்டிவிட்ட வழக்கு அது. அவருடைய வரலாற்றை எழுதப் புகும்போதெல்லாம் எனக்கு அவ்வழக்கே முன்வந்து நிற்கின்றது.

என் தந்தையார் சிறு கடை ஒன்று வைத்திருந்தார். சரக்கெடுக்கத் திருகோணமலைக்குச் சென்றவர், அம்முறை பழைய கிராமபோன் பெட்டி ஒன்றையும் சில தட்டுக்களையும் வாங்கி வந்தார். கொட்டியாரக் குடாவை லாஞ்சியிற் கடந்து மூதூருக்கும், அங்கிருந்து மாட்டுவண்டியில் எங்கள் ஊருக்கும் அப்பெட்டி வந்து சேர்ந்தது. வைக்கோலிற் பொதிந்து வந்த தட்டுக்களுள் ஒன்று இராஜரத்தினம் பிள்ளையின் தோடி. தமிழகத்தில் அது பல்லாண்டுகளுக்கு முன்பே புகழ்பெற்றுவிட்டது. எங்களுக்கோ புத்தம் புதியது.

இராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமனாகிய திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்து நாதஸ்வர வித்துவானாக விளங்கியவர். அக்குடும்பத்தின் வளர்ப்பு மகனாகிய பின்னரே இராஜரத்தினம் என்னும் பெயர் நிலைத்தது. அவர் முதலிற் கற்றது நாதஸ்வரமன்று, வாய்ப்பாட்டு. வயலின் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் இளமையிலே பாடம் கேட்டார். பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாதஸ்வரப் பயிற்சி பெற்றார். பாடகராக முதலிற் பயின்றவர் என்பது அவரது வாசிப்பின் மருமம். விரல் ஓடும் வழியே இராகம் ஓடாமல், குரல் செல்லும் வழியே விரலைச் செலுத்தியவர் அவர்.

ஆனால் குரலின் நுட்பத்துக்குக் கருவி இடந்தர வேண்டும் அன்றோ? அக்காலத்தில் பெருவழக்கில் இருந்தது திமிரி எனப்படும் குட்டை நாயனம். அதன் சுருதி உயர்ந்தது. திருவீதியிலே தொலைதூரம் கேட்கும். ஆயினும் அதன் மத்திமம் சுத்த மத்திமமாகவும் பிரதி மத்திமமாகவும் நில்லாமல் இடையிலே ஊசலாடும். ஊதுபவர் மூச்சாலும் உதட்டாலும் அதனை அடக்கியே தம்மிடத்தில் நிறுத்த வேண்டும். தோடிக்கோ சுத்த மத்திமம் இன்றியமையாதது. இராஜரத்தினம் பிள்ளை நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைக் கைக்கொண்டார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையிலே ரங்கநாத ஆசாரி, ஆச்சா மரத்தைக் கடைந்து, சுத்த மத்திமம் செம்மையாகப் பேசும் வண்ணம் துளைகளை அமைத்து நாயனம் செய்தளித்தார். இன்று வித்துவான்கள் பெரும்பாலும் கையாள்வது அவ்வழி வந்த கருவியே. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டிலே புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு அமர்த்தியதும் அவர் செய்த மாற்றமே.

கருவியை மாற்றியது போலவே கலைஞனின் நிலையையும் அவர் மாற்ற முற்பட்டார். நாதஸ்வரமின்றிக் கோயிலில் விழா இல்லை, இல்லத்தில் மணம் இல்லை. எனினும் அதனை ஊதுபவருக்குக் கிடைத்த இடம் யாது? பெரியோர் முன்னிலையில் மேல்துண்டை இடுப்பிற் கட்டிக்கொண்டு நிற்றல். சபையில் அன்றித் தெருவிலும் வாயிலிலும் வாசித்தல். இசை வேளாளர் குலத்தில் வந்த அவர் இதற்கு இணங்க மறுத்தார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். பட்டுச் சட்டையும் கோட்டும் அணிந்தார். வாய்ப்பாட்டு வித்துவான்கள் அமரும் மேடையிலே தாமும் அமர்ந்தே வாசித்தார். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற தவில் மேதைகள் அவருக்குத் துணைநின்றனர். 1940ஆம் ஆண்டில் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் என்னும் படத்திலே அவரே காளமேகப் புலவராக நடித்தார். 1947 ஆகஸ்டில் இந்தியா விடுதலை பெற்றபோது, அவ்விழாவின் மங்கல இசையை வானொலியில் வழங்கியவரும் அவரே. வடநாட்டிலே ஷெனாயைக் கோயில் வாயிலிலிருந்து அரங்குக்கு ஏற்றிய பிஸ்மில்லாகானும் அவ்விடுதலை விழாவிலே வாசித்தார் என்பது நினைக்கத்தக்கது.

இனி எங்கள் ஊர் வழக்குக்கு வருகிறேன். ஒரு முன்மாலைப் பொழுதிலே தந்தையார் பெட்டியைக் கூடத்தின் நடுவே நாற்காலியில் ஏற்றி, கீழே பட்டுத்துணி விரித்து, சாவி முடுக்கித் தட்டைச் சுழலவிட்டார். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே அத்தட்டு இசைக்கும். இராகம் மேலேறி நின்ற கட்டத்திலே பக்கம் முடிந்தது. தட்டைத் திருப்பி ஊசியை வைக்கும்வரை கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபக்கம் முடிந்த பின்னரே வழக்குத் தொடங்கிற்று.

வெருகல் சித்திர வேலாயுதர் திருவிழாவை ஆண்டுதோறும் தவறாது காணும் முதியவர் ஒருவர், இஃது இசையாகாது என்று தீர்ப்பளித்தார். நாதஸ்வரம் வெட்டவெளிக்கு உரியது. ஆற்றங்கரைக் காற்றிலே, தூரத்திலிருந்து வந்து சேரவேண்டியது. மூன்று நிமிடத்தில் முடியும் தோடி தோடியன்று என்பது அவர் கட்சி. எங்கள் பள்ளித் தமிழாசிரியர் எதிர்க்கட்சி. மூன்று நிமிடத்தில் இராகத்தின் உருவம் முழுதும் தெரியவைப்பதே பெருந்திறம் என்றும், கோயில் வாயிலுக்குட் புக முடியாதவன் காதுக்கும் தட்டுப் போய்ச் சேரும் என்றும் அவர் வாதித்தார். தந்தையார் ஆசிரியரின் பக்கம் நின்றார். பெட்டி அவருடையது அல்லவா?

அன்று வாசற்படியின் கீழே நின்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் எங்கள் ஊர் மணங்களுக்கு நாதஸ்வரம் வாசிப்பவர். உள்ளே வரும்படி அவரை எவரும் அழைக்கவில்லை. கருத்தும் கேட்கவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் அவர் வந்து அதே இடத்தில் நின்றார். ஒருநாள் ஆசிரியர் அவருக்கு இராஜரத்தினம் பிள்ளையின் வரலாற்றைச் சொல்லக் கேட்டேன். மேடையைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் அவர் மீண்டும் மீண்டும் வினவினார்.

மறுமாதம் ஊரில் ஒரு திருமணம். மேளகாரர் தோளிலே துண்டுடன் வந்து, பந்தலில் அமர்ந்து வாசிக்கப் பாய் ஒன்று வேண்டும் என்று பணிவாகவே கேட்டார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. முதலில் மறுத்துப் பேசியவர் என் தந்தையார். இதனை எழுதக் கை கூசுகின்றது. ஆயினும் மறைப்பது முறையன்று. ஆசிரியர் எழுந்து, பெட்டிக்குப் பட்டு விரித்து நாற்காலி தந்த வீட்டார், மூச்சை அடக்கி ஊதும் மனிதருக்குப் பாய் தர மறுப்பது எந்த நியாயம் என்று கேட்டார். தந்தையார் மறுமொழி கூறாமல் வெளியே சென்றுவிட்டார். மணமகளின் தந்தையார் பாயைக் கொணர்ந்து விரித்தார்.

மேளகாரர் தோடியையே எடுத்தார். அவரிடம் இருந்தது பழைய திமிரி. மத்திமம் அடிக்கடி வழுவிற்று. அவர் விடாது அதனைப் பிடித்துப் பிடித்து நிறுத்தினார். தட்டிற் கேட்ட தோடி அதுவன்று. ஆனால் தட்டினால் வந்த தோடி அது. அவ்வேளையில் நான் திரும்பிப் பார்த்தேன். தந்தையார் பந்தலின் புறக்காலைப் பற்றியவாறு, வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை அவர் உள்ளே வரவில்லை, அகன்று செல்லவுமில்லை. அதன்பின் எங்கள் வீட்டில் தட்டுச் சுழன்ற நாட்களில் மேளகாரருக்குக் கூடத்தில் இடம் இருந்தது. அதைப் பற்றித் தந்தையார் ஒருபோதும் பேசியதில்லை.

இராஜரத்தினம் பிள்ளையைக் குறையற்றவர் என்று நான் சொல்ல வரவில்லை. குறித்த பொழுதுக்கு வாராமையும், முன்கோபமும், வரவுக்கு மிஞ்சிய செலவும் அவரோடு பிறந்தவை. ஈட்டிய பெரும்பொருளில் அவர் சேர்த்துவைத்தது சொற்பமே. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிலே, ஐம்பத்தெட்டாம் வயதிற் காலமானார். அவருடைய மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் அவ்வழியை மேலும் எடுத்துச் சென்று, 1964ஆம் ஆண்டிலே தாமும் மறைந்தார். செருக்கர் என்று இராஜரத்தினம் பிள்ளையைப் பழித்தோர் பலர். அச்செருக்கு அவர் ஒருவருக்கு மட்டும் பயன்பட்டிருந்தால் அப்பழி பொருந்தும். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், அவர் பெயரறியாத சிற்றூரிலே ஒருவருக்கு அது பாய் விரித்தது.

2006ஆம் ஆண்டுப் போரிலே ஊரைவிட்டு ஓடியபோது கிராமபோனும் தட்டும் வீட்டோடு கிடந்தன. மீண்டு வந்தபோது வீட்டின் சுவர்களே எஞ்சியிருந்தன. சென்ற ஆண்டு என் பேரன் தன் கைத்தொலைபேசியில் அதே தோடியைத் தேடியெடுத்துக் கேட்பித்தான். கேட்டு முடித்ததும், பழைய பதிவு, இரைச்சல் மிகுதி என்று தன் கருத்தைச் சொன்னான். வழக்கு மறுபடியும் தொடங்கிற்று என்று மகிழ்ந்தேன். இரைச்சலைப் பொருட்படுத்தாதே, மத்திமத்தைக் கேள் என்று கூறி, மீண்டும் இசைக்கச் செய்தேன். அக்கருவியிலே பக்கம் திருப்ப வேண்டியதில்லை. இராகம் இடையறாது ஓடுகின்றது. ஆயினும் அந்தக் கட்டம் வந்ததும் என் செவி ஒரு கணம் நின்று காத்திருக்கின்றது. வாசற்படியின் கீழே நின்றவரும் அக்கணத்தில் என் நினைவில் வந்து நிற்கிறார்.