ஒரே தாளம், 169 முறை.. 'பொலேரோ' தந்த ராவெல் கடைசியில் ஒரு வரி இசைகூட எழுத முடியாமல் போனது ஏன்?

யூடியூப்பில் 'பொலேரோ' என்று தேடிப் பாருங்க. எந்த வீடியோவைத் திறந்தாலும் முதல் சில விநாடிகள் சத்தமே வராத மாதிரி இருக்கும். அவசரப்பட்டு வால்யூமைக் கூட்டிடாதீங்க. 15 நிமிடம் கழித்து அதே மெட்டு காதைப் பிளக்கும்!

இதை எழுதியவர் பிரான்ஸைச் சேர்ந்த மாரிஸ் ராவெல். இதே மெட்டு திரும்பத் திரும்ப வருவதாலேயே, இதை எழுதும்போதே அவருக்கு மூளை நோய் தொடங்கிவிட்டது என்று மருத்துவ ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். அது உண்மைதானா?

யார் இந்த ராவெல்?

1875 மார்ச் 7-ல் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய சிபூர் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா இன்ஜினீயர், அம்மா பாஸ்க் இனத்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியில் படித்தார். 'ரோம் பரிசு' என்ற பெரிய போட்டிக்கு 5 முறை முயன்றும் கிடைக்கவில்லை. 1905-ல் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பப்பட்டார். அதற்குள் அவர் பிரபலமாகியிருந்ததால் பெரிய சர்ச்சை ஆனது. கல்லூரி இயக்குநர் பதவியே கைமாறியது.

முதல் உலகப் போரில் விமானப்படையில் சேர ஆசைப்பட்டார். வயதையும் இதயத்தில் இருந்த சிறு கோளாறையும் காரணம் காட்டி எடுக்கவில்லை. விடாமல் 1916-ல் வெர்டுன் போர்முனை அருகே ராணுவ லாரி ஓட்டினார். 1917-ல் அம்மா இறந்தது அவரை உடைத்துப் போட்டது.

ஆர்கெஸ்ட்ரேஷனில், அதாவது எந்த இடத்தை எந்த வாத்தியம் வாசிக்கணும் என்று முடிவு செய்யும் கலையில், அவர்தான் அன்றைய கில்லாடி. ரஷ்யாவின் முசோர்க்ஸ்கி பியானோவுக்கு மட்டும் எழுதிய 'கண்காட்சியில் ஓவியங்கள்' என்ற படைப்பை 1922-ல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். இன்று உலகம் அதிகம் கேட்பது அந்த வடிவத்தைத்தான்.

பொலேரோ பிறந்த கதை

நடனக் கலைஞர் இடா ரூபின்ஸ்டைன், ஸ்பெயின் இசையமைப்பாளர் அல்பெனிஸின் பியானோ இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றித் தரச் சொன்னார். அந்த உரிமை வேறொருவரிடம் இருந்தது. சரி, புதுசாகவே எழுதிடலாம் என்று ராவெல் உட்கார்ந்தார். 1928 நவம்பர் 22-ல் பாரிஸ் ஓபராவில் அரங்கேறியது.

உள்ளே இருப்பது ரொம்பக் கொஞ்சம். ஸ்னேர் டிரம்மில் ஒரு தாளம், அது 169 முறை வரும். இரண்டு பகுதியாக ஒரு மெட்டு. வேகம் மாறாது. ராகத்தின் ஆதார சுருதிகூட முடிவுக்குச் சற்று முன்பு ஒரே ஒரு முறைதான் மாறும். மாறிக்கொண்டே இருப்பது வாத்தியம் மட்டும்.

முதலில் புல்லாங்குழல், அடுத்து கிளாரினெட். மூன்றாவதாக பஸ்ஸூன். அடித்தொண்டையில் பேசும் அந்த வாத்தியத்தை உச்சஸ்தாயியில் பாட வைக்கிறார், அதனால் குரல் கொஞ்சம் நெரிபட்டு வரும். பிறகு சாக்ஸபோன்கள் வரும். வயோலாவும் செல்லோவும் ஆரம்பத்திலிருந்தே தந்தியைச் சுண்டிக்கொண்டு காத்திருக்கும். ஆர்கெஸ்ட்ரா என்றாலே நினைவுக்கு வரும் வயலினுக்கு மெட்டு கிடைப்பது பாதி தாண்டிய பிறகுதான்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் பாதிக்குச் சற்று முன்னால் வருகிறது. ஹார்னும் செலஸ்டாவும் மெட்டை வாசிக்க, இரண்டு பிக்கலோக்கள் அதே மெட்டை வேறு வேறு சுருதியில் மேலே வாசிக்கும். தனியாகக் கேட்டால் அபஸ்வரம். ஆனால் எந்த ஒலியிலும் அடிச்சுரத்தோடு மெல்லிய மேல்சுரங்கள் சில கலந்திருக்கும். அந்தக் கணக்கில் ராவெல் வாத்தியங்களை அடுக்கியிருப்பதால் நம் காதுக்கு நான்கும் ஒன்றாகி, சர்ச் ஆர்கன் மாதிரி புது வாத்தியம் ஒன்று கேட்கும். மேடையில் தேடினால் அப்படி ஒரு வாத்தியமே இருக்காது.

இதையா நோயின் அறிகுறி என்பது? நம்ப முடியவில்லை. போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக இடது கையால் மட்டும் வாசிக்கும் கான்செர்ட்டோ ஒன்று, இன்னொரு பியானோ கான்செர்ட்டோ என இரண்டு பெரிய படைப்புகளை இதற்குப் பிறகுதான் அவர் முடித்தார்.

கடைசியில் என்ன ஆச்சு?

1932 அக்டோபரில் பாரிஸில் அவர் சென்ற டாக்ஸி விபத்தில் சிக்கியது. அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை மோசமானது. கையெழுத்துப் போடவே திணறினார். நோய் என்ன, விபத்துக்கு அதில் பங்கு உண்டா என்பதில் டாக்டர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

கொடுமை என்னவென்றால், காது அப்படியே இருந்தது. தன் இசையை யாராவது தப்பாக வாசித்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்குச் சிகிச்சை தந்த நரம்பியல் நிபுணர் பதிவு செய்திருக்கிறார். ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய ஓபரா தலைக்குள் கேட்கிறது, எழுதத்தான் முடியவில்லை என்று நண்பர்களிடம் வருந்தினார். அந்த ஓபரா வெளியே வரவே இல்லை.

1937 டிசம்பரில் மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி எதுவும் இல்லை. சிறிது நேரம் கண்விழித்தவர் மீண்டும் நினைவிழந்தார். டிசம்பர் 28-ல் இறந்தபோது வயது 62.