மிச்சத் தண்ணீரைக் கணக்கிட்ட மனிதர்: பொறியியலாளர் ஆறுமுகம்

கனகராயன்குளத்தில் மாரி பிடித்துவிட்டால் எங்கள் பேச்செல்லாம் ஆற்றைப் பற்றித்தான். கனகராயன் ஆறு வடக்கே ஓடி இரணைமடுக் குளத்தை நிரப்பும். குளம் வான் பாய்ந்தால் மிச்சத் தண்ணீர் சுண்டிக்குளம் நீரேரியில் இறங்கிக் கடலோடு போய்விடும். இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் உவர்க் கிணற்றில் அள்ளிய நாட்களில்தான் அந்த மிச்சத்தின் பெறுமதி எனக்கு விளங்கியது.

பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அதை என் போன்றோருக்கு வெகுகாலம் முன்பே விளங்கிக்கொண்டவர். 1905இல் பிறந்து, நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளர் வரை உயர்ந்தவர்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். அதற்காக இரணைமடுவைத் திறந்துவிட்டால் கிளிநொச்சி விவசாயியின் சிறுபோகம் பாழ். 1954இல் ஆறுமுகம் முன்வைத்த திட்டம் இந்த இரு தேவைகளையும் மோதவிடவில்லை. குளத்தில் கைவைக்காமல், கடலுக்குப் போவதை மட்டும் மறிப்பதே அவர் கணக்கு.

ஆனையிறவில் வீதிப் பாலத்தையும் ரயில் பாலத்தையும் அடைக்க வேண்டும். சுண்டிக்குளத்தில் அணை கட்ட வேண்டும். முள்ளியானில் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குத் தண்ணீர் விட வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கக் கதவுகள் வேண்டும்.

இதில் ஒன்று பிசகினாலும் உப்பு உள்ளே வந்துவிடும். வீதி, ரயில், நீர்ப்பாசனம் என ஒவ்வொன்றும் ஒவ்வொரு திணைக்களத்தின் கையில் இருந்தது. 1960களில் பாலங்கள் அடைபட்டன. சுண்டிக்குளம் அணையோ வெள்ளத்தில் உடைந்தது. பணம் நின்றதும் வாய்க்கால் அரைகுறையாகக் கிடந்தது. பின்னர் ஆனையிறவு போர்க்களமானது.

ஓய்வுக்குப் பின் ஆறுமுகம் சும்மா இருக்கவில்லை. 1969இல் இலங்கையின் நீர்வளம் பற்றிய நூலை வெளியிட்டார். ஈழத்தமிழர் வாழ்க்கைக் குறிப்புகளையும் தொகுத்தார். ஆனையிறவு முகாம் வீழ்ந்த அதே 2000ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார்.

போருக்குப் பின் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்தது. கடலுக்கு விட்ட தண்ணீரைக் கடலிலிருந்தே திரும்ப எடுக்கிறோம்.

அவர் திட்டத்தை மீண்டும் கையிலெடுப்போர் நீரேரியில் இறால் பிடித்துப் பிழைப்பவர்களிடமும் முதலில் பேச வேண்டும். ஒருவர் வயிற்றில் அடித்து மற்றவர் தாகம் தீர்க்காத வழியைத் தேடியதுதான் அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம்.