ரோஸ் ஹாதார்ன் அம்மையார்

நோய் தீராது என்று வைத்தியர் கூறிவிட்டால், வைத்தியமும் அத்துடன் முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இது பெரும் பிழை. நோயை நீக்குவது ஒரு கடமை. நோயாளியின் வேதனையைத் தணிப்பது மற்றொரு கடமை. முன்னது கைகூடாதபோது பின்னது ஒழிந்துவிடுவதில்லை. முன்னிலும் பன்மடங்கு வலுக்கிறது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையையே சாட்சியமாக வைத்து ருஜுப்படுத்தியவர் அமெரிக்க மாதரசி ரோஸ் ஹாதார்ன் அம்மையார்.

இவர் 1851-ம் வருஷம் மே மாதம் 20-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லெனாக்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார், அமெரிக்க இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன். மகளின் பதின்மூன்றாம் பிறந்த நாளுக்கு முந்தின தினம் அவர் காலமானார். 1871-ல் தாயாரும் மறைந்தார். அவ்வாண்டிலேயே ரோஸ், ஜார்ஜ் லாத்ரப் என்ற எழுத்தாளரை மணந்தார். அவர்களுடைய ஒரே புதல்வன் நான்கு வயதில், 1881-ல், தொண்டை அடைப்பான் நோய்க்கு இரையானான். இல்வாழ்க்கையும் நிலைக்கவில்லை, 1895-ல் தம்பதிகள் பிரிந்தனர். கவிதையும் கதையும் எழுதிப் பெயர் பெற்றிருந்த அம்மையாருக்கு அதற்குமேல் எழுத்து மட்டும் போதவில்லை.

அவருடைய தோழியான கவி எம்மா லாஸரஸ் 1887-ல் கொடிய நோயால் மாண்டார். செல்வக் குடும்பத்தில் பிறந்த அவருக்குக் கடைசி நாட்களில் பணிவிடைக்குக் குறைவில்லை. பிற்பாடு, புற்றுநோய் கண்ட ஒரு தையற்காரப் பெண்ணின் கதி அம்மையாரின் செவிக்கு எட்டியது. சேமிப்பெல்லாம் செலவாகி, நோயும் தீராதென்று தெரிந்தபின், அவளைப் பிளாக்வெல் தீவிலிருந்த ஏழை விடுதிக்கு அனுப்பிவிட்டார்களாம். சாவு இருவருக்கும் பொதுவாயிருக்க, சாகும் விதத்தில் மட்டும் இத்தனை பேதம் எதனால்? பணத்தால் அன்றோ! இக்கேள்வி அம்மையாரின் நெஞ்சை அறுத்தது.

அக்காலத்தில் புற்றுநோய் தொற்றும் என்று ஜனங்கள் அஞ்சினர். பெற்ற பிள்ளைகளும் நோயாளியை விட்டு விலகினர். அம்மையாரோ 1896-ல், தமது நாற்பத்தைந்தாம் வயதில், நியூயார்க் புற்றுநோய் வைத்தியசாலையில் மூன்று மாதம் தாதிப் பயிற்சி பெற்றார். பின்னர் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஸ்கம்மல் தெருவில் சிறு இடம் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். தம் கையாலேயே புண்களைக் கழுவிக் கட்டினார். முகம் சிதைந்தவரிடமும் அருவருப்பின் சாயல் தோன்றக் கூடாதென்பது அவர் விதித்த நியதி. ஆலிஸ் ஹூபர் என்னும் ஓவியப் பெண்மணி 1898-ல் வந்து இணைந்தார். 1899-ல் செர்ரி தெருவில் இலவச இல்லம் எழுந்தது. 1900-ல் இருவரும் டொமினிக்கன் கன்னியர் மரபில் புகுந்தனர். ரோஸ் அம்மையார் மேரி அல்போன்ஸா அன்னை ஆனார். மறு வருஷம் நகருக்கு வெளியே ரோஸரி ஹில் இல்லம் தொடங்கியது. நோயாளியிடமோ அவர் உறவினரிடமோ காசு பெறுவதில்லை என்ற விரதம் இறுதிவரை வழுவவில்லை. அன்னையார் 1926-ம் வருஷம் ஜூலை மாதம் 9-ந் தேதி அங்கேயே உயிர் நீத்தார். அது அவர் பெற்றோரின் திருமண நாள்.

அவர் தொடங்கிய வழி பின்பு விரிந்தது. 1967-ல் லண்டனில் ஸிஸிலி ஸாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி வந்து நோயாளி கதறும்வரை காத்திராமல், மார்பின் மருந்தை வேளை தவறாது கொடுத்து வலியை முன்கூட்டியே அடக்கலாம் என்று அவர் காட்டினார். உடல் வலியோடு மனக்கவலையும் குடும்பக் கஷ்டமும் ஆன்ம வேதனையும் சேர்ந்ததே நோயாளியின் துன்பம் என்றும் போதித்தார். இதையே இந்நாளில் நோய் தணிப்புச் சிகிச்சை என்கிறோம். இது மரண வாயிலில் மட்டும் அளிப்பதன்று. கடும் நோய் கண்ட நாள் முதலே, மற்றச் சிகிச்சையோடு கூடவே நடைபெறத் தக்கது. இதனால் ஆயுளைக் குறைப்பதுமில்லை, வீணே இழுப்பதுமில்லை. குடும்பத்தாரையும் இது தாங்குகிறது.

ஆயினும் உலகில் ஆண்டுதோறும் இது தேவைப்படுவோர் சுமார் 5 கோடியே 68 லட்சம் பேர் என்றும், அவர்களில் ஏறக்குறைய 14 சதவிகிதத்தினருக்கே இது கிடைக்கிறது என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. எஞ்சியோர் எல்லாம் அந்தத் தையற்காரப் பெண்ணின் வாரிசுகளே. ஒரு சமூகத்தின் நாகரிகத்தை அளக்க விரும்புவோர் அதன் மாளிகைகளைப் பார்க்க வேண்டாம். பிழைக்க மாட்டான் என்று தெரிந்த ஏழையின் படுக்கையருகே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்கட்டும். அவ்விடத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் ரோஸ் அம்மையார். அவ்விடம் காலியாயிராமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.